பழைய மினி டிராக்டரில் த்ரீ பாயிண்ட் லிங்கேஜ் பொருத்துவது: கேள்வி பதில்

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் டெல்டாவில் உழவுக்கு வண்டி கிடைப்பது கடினம். டிரெய்லர் மட்டுமே இழுத்துக்கொண்டிருந்த, பின்னால் வெறும் கொக்கியோடு நிற்கிற 15 முதல் 25 எச்.பி. பழைய வண்டிகளைக் குறுவை உழவுக்குத் தயார்செய்ய நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. த்ரீ பாயிண்ட் லிங்கேஜ் என்பது கருவியைக் கீழே இரண்டு லோயர் லிங்க், மேலே ஒரு டாப் லிங்க் என மூன்று இடத்தில் பிடித்துத் தூக்கும் பின்பக்க அமைப்பு.

மன்னார்குடி: ஐயா, 18 எச்.பி. வண்டி. கடையில் லிங்கேஜின் அளவு கேட்டகரி ஜீரோவா, ஒன்றா என்று கேட்கிறார்கள். எதை வாங்கட்டும்?

வண்டியை அளக்கும் முன் நீங்கள் மாட்டப்போகிற கலப்பையையும் ரோட்டவேட்டரையும் அளந்துவிடுங்கள். கேட்டகரி ஒன்றில் கீழ்ப் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ., இரண்டு கீழ்ப் பின்களுக்கும் நடுவே சுமார் 68 செ.மீ. கேட்டகரி ஜீரோவில் பின்கள் 16 மி.மீ., இடைவெளி சுமார் 50 செ.மீ. பின் 22 மி.மீ. இருந்தும் இடைவெளி 40 செ.மீ. அளவில் இருந்தால் அது ஒன்றிலேயே குறுகிய வகை. பக்கத்து ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் கருவிகள் எந்த அளவோ அதற்கே போடுங்கள். ஜீரோ போட்டுவிட்டு ஒவ்வொரு கருவிக்கும் பின் மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

கொரடாச்சேரி: டிரெய்லர் கொக்கித் தகட்டுக்கு மேலேயே லோயர் லிங்க்கை வைத்துவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். சரிதானா?

அந்த இடம் பின் ஆக்சிலின் நடுக்கோட்டுக்கு மேலே இருந்தால் கண்டிப்பாகக் கூடாது. இந்த வேலையில் உயிர் சம்பந்தப்பட்ட இடம் இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

லிங்கேஜ் என்றால் தூக்குவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அதன் முதல் வேலை இழுவையைத் தாங்குவது. கலப்பை களியில் சிக்கிக்கொண்டால் சக்கரம் நின்றுவிடும், இஞ்சின் நிற்காது. அது ஆக்சிலைச் சுற்றி வண்டியின் உடலையே திருப்பப் பார்க்கும், மூக்கு மேலே எழும். இழுவை ஆக்சிலுக்கு மேலே பிடித்திருந்தால் அதுவும் சேர்ந்து வண்டியைப் பின்பக்கம் சாய்க்கும். கிளட்ச்சை மிதிக்க நேரம் இருக்காது.

லோயர் லிங்க்கின் முன்முனை ஆக்சில் நடுக்கோட்டுக்குக் கீழே 10 முதல் 15 செ.மீ. இருக்கட்டும். இன்னும் இறக்கினால் சேறடிக்கும்போது பிராக்கெட் தரையில் இழுபடும்.

அடுத்தது டாப் லிங்க். கேட்டகரி ஒன்றுக் கருவியில் கீழ்ப் பின்னுக்கும் மேல் பின்னுக்கும் உயரம் சுமார் 46 செ.மீ. வண்டிப் பக்கம் அதே இடைவெளி குறைவாக, 32 முதல் 38 செ.மீ. இருக்க வேண்டும். அப்போதுதான் மேல், கீழ் லிங்க்குகளை முன்னோக்கி நீட்டிப் பார்த்தால் கோடுகள் ஓரிடத்தில் கூடும். கருவி அந்தப் புள்ளியிலிருந்து இழுபடுவது போல நடக்கும், டாப் லிங்க் முன்னே தள்ளி மூக்கைத் தரையில் வைத்திருக்கும். ஹாரி பெர்குசன் 1920-களில் கொண்டுவந்த அமைப்பின் உயிர்நாடி இதுதான். வண்டிப் பக்கம் 46-க்கு மேல் வைத்துவிட்டால் தூக்கும்போது கருவியின் வால் தொங்கி வரப்பில் இடிக்கும்.

நீடாமங்கலம்: பிராக்கெட்டை ஆக்சில் ஹவுசிங்கில் நேராக வெல்டிங் வைக்கலாமா?

வேண்டாம். அது வார்ப்பிரும்பு. வெல்டிங் ஓரத்திலேயே விரிசல் விடும், சூட்டில் ஆயில் சீலும் போய்விடும். 12 மி.மீ. தகட்டில் பிராக்கெட் வெட்டி, ஹவுசிங்கில் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளிலும் யூ போல்ட்டிலும் பிடியுங்கள். எம் 16, 8.8 கிரேடு போல்ட் என்றால் முறுக்கு 200 நியூட்டன் மீட்டர் அளவு. பத்து மணி நேரம் ஓடியதும் மறுபடி முறுக்குங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும். பிராக்கெட்டைக் கழற்றித் தரையில் வைத்தே வெல்டிங் செய்யுங்கள். வண்டியில் வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் பேட்டரி ஒயரைக் கழற்றி, எர்த்தை வெல்டிங் இடத்துக்கு ஒட்டிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் பேரிங் வழியே போய் அதைப் பொத்தலாக்கிவிடும்.

குத்தாலம்: வண்டியில் ஹைட்ராலிக்கே கிடையாது. என்னென்ன வாங்கணும் அண்ணே?

50 மி.மீ. போர் (உள்விட்டம்), 150 மி.மீ. ஸ்ட்ரோக் (ராடு நகரும் நீளம்) உள்ள சிலிண்டர் ஒன்று போதும். 120 பார் அழுத்தத்தில் அது சுமார் 2,400 கிலோ தள்ளும். 15 செ.மீ. ஸ்ட்ரோக்கை லிங்க் முனையில் 60 செ.மீ. தூக்கலாக மாற்றும்போது விசை நாலில் ஒரு பங்காகி 600 கிலோ ஆகிறது. உராய்வு போக 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 கிலோ ரோட்டவேட்டருக்குத் தாராளம். பலமாக இருக்கட்டும் என்று 63 மி.மீ. போடாதீர்கள், தேவையில்லாத அந்த விசை பிராக்கெட்டைத்தான் பிய்க்கும்.

பம்ப் ஒரு சுற்றுக்கு 8 சி.சி. கியர் பம்ப். 1,500 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்குப் பத்து, பதினோரு லிட்டர் வரும், இரண்டு நொடிக்குள் முழுத் தூக்கல். இஞ்சினிலிருந்து சுமார் 4 எச்.பி. எடுக்கும், ஆனால் தூக்கும் அந்த நேரத்துக்கு மட்டும். பி.டி.ஓ.வில் (கருவியைச் சுழற்ற வண்டியின் பின்னே இருக்கும் ஷாஃப்ட்) மாட்டும் பம்ப் வாங்காதீர்கள், ரோட்டவேட்டருக்கு பி.டி.ஓ. வேண்டுமே. இஞ்சின் முன் புல்லியிலிருந்து பெல்ட்டில் ஓட்டுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: பெல்ட் புல்லியைப் பம்ப் ஷாஃப்ட்டிலேயே மாட்டிவிடுகிறார்கள். பெல்ட்டின் பக்கவாட்டு இழுப்பைக் கியர் பம்ப்பின் புஷ் தாங்காது. புல்லியைத் தனி ஷாஃப்ட்டில், இரண்டு பிளம்மர் பிளாக்கில் (பேரிங் தாங்கி) வைத்து, அங்கிருந்து ஸ்டார் கப்ளிங் மூலம் பம்ப்பைச் சுற்றுங்கள்.

ரிலீஃப் வால்வு (அழுத்தம் மீறினால் ஆயிலைத் திருப்பிவிடுவது) உள்ள ஓபன் சென்டர் (தூக்காதபோது ஆயிலை டேங்குக்கே விடும்) கன்ட்ரோல் வால்வு, 12 லிட்டர் டேங்க், 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில். பிரஷர் ஹோஸ் இரட்டைக் கம்பிப் பின்னல் உள்ளதாக 3/8 அங்குலம். சக்ஷன் ஹோஸ் 3/4 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தால் பம்ப் ஊளையிடும். ரிலீஃபை முதலில் முழுக்கத் தளர்த்திவிட்டு, கேஜ் மாட்டி, சிலிண்டரை ஸ்ட்ரோக் முடிவில் நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி 120-ல் நிறுத்துங்கள்.

பாபநாசம்: பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் பவர் பேக் (மோட்டாரும் பம்ப்பும் சேர்ந்தது) போதாதா?

பரம்பு போன்றவற்றுக்குப் போதும். சேறடிக்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் தூக்க வேண்டும். அது ஒரு தூக்கலுக்கே 150 ஆம்பியர், அதற்கு மேலும் இழுக்கும். மோட்டார் காய்ந்துவிடும், பேட்டரியும் இறங்கிவிடும்.

திருத்துறைப்பூண்டி: எங்கள் ஊர்க் களி இறுகிப்போனால் கலப்பை இறங்காது. டபுள் ஆக்டிங் (இரு பக்கமும் ஆயில் தள்ளும்) சிலிண்டர் போட்டு அழுத்தி உழலாமா?

அழுத்தினால் கலப்பை இறங்காது, பின்சக்கரம்தான் தூக்கிக்கொண்டு பிடிமானம் போகும். கொத்து இறங்குவது அதன் சாய்வால்: டாப் லிங்க்கை இரண்டு சுற்று குறுக்கிப் பாருங்கள். கருவி தன் எடையில் இறங்கி, தரை ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி மிதக்க வேண்டும். டபுள் ஆக்டிங் சிலிண்டர்தான் கிடைத்தது என்றால் தூக்கும் பக்கத்தை மட்டும் வால்வில் இணைத்து, மறுபக்கத் துளையிலிருந்து டேங்குக்கு ஹோஸ் போடுங்கள். வெறுமனே காற்றுக்குத் திறந்து விட்டால் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

வலங்கைமான்: தூக்கும்போதெல்லாம் செக் செயின் (லிங்க்கின் பக்க ஆட்டத்தைத் தடுக்கும் சங்கிலி) அறுந்துபோகிறது.

செயினின் முன்முனை, லோயர் லிங்க் முன்பின்னின் அதே அச்சுக்கோட்டில் இல்லை. மேலேயோ பின்னேயோ இருந்தால் லிங்க் எழ எழ செயின் இறுகும். கொக்கியை அந்தக் கோட்டுக்கு மாற்றுங்கள். ரோட்டவேட்டருக்குப் பக்க ஆட்டம் 2, 3 செ.மீ. போதும், கலப்பைக்குக் கொஞ்சம் கூடுதலாக விடலாம்.

திருவையாறு: வரப்பு ஏறும்போது முன்பக்கம் தூக்குகிறது.

மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் ஆக்சிலில் நிற்க வேண்டும். 750 கிலோ வண்டியில் முன்னே 300 இருக்கிறது என்று வையுங்கள். 150 கிலோ கருவி பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால், வீல்பேஸ் 1.4 மீட்டர். 150-ஐ 1.2-ஆல் பெருக்கி 1.4-ஆல் வகுத்தால் 129. அவ்வளவு முன்னே குறைந்து 171 நிற்கும். மொத்தம் 900, தேவை 180. சமதரையிலேயே பற்றாக்குறை. முன் பம்பரில் 40 கிலோ வெயிட் போடுங்கள், உயரமான வரப்பைப் பின்பக்கமாக ஏறுங்கள்.

கும்பகோணம்: தூக்கினால் பி.டி.ஓ. ஷாஃப்ட் தடதடக்கிறது.

கிராஸ் ஜாயிண்ட் கோணம் கூடிவிட்டது. முழுக்கத் தூக்கும் முன் பி.டி.ஓ.வை நிறுத்துங்கள். உள்ளே, வெளியே நகரும் இரண்டு குழாய்களும் எந்த நிலையிலும் 15 செ.மீ.யாவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும்.

நன்னிலம்: ராத்திரி தூக்கி நிறுத்தினால் காலையில் கலப்பை தரையில் கிடக்கிறது. ஆயிலும் பால் மாதிரி இருக்கிறது.

இரண்டும் வேறு வேறு கோளாறு. பால் நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது: டேங்க் மூடி, காற்று போகும் பிரீதர், சிலிண்டர் ராடு சீல் மூன்றையும் பாருங்கள், ஆயிலை முழுக்க வடித்து மாற்றுங்கள். இறங்குவதற்குக் காரணம் சிலிண்டர் சீலாகவோ வால்வுக்குள் நகரும் ஸ்பூலாகவோ இருக்கும். கருவியைக் கழற்றி, சிலிண்டரின் டேங்க் பக்க ஹோஸை அவிழ்த்து, முழு ஸ்ட்ரோக்கில் அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். ஆயில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் சீல், வராவிட்டால் ஸ்பூல். எதுவானாலும் தூக்கிய கருவிக்கு அடியில் கட்டை கொடுக்காமல் கையை நீட்டாதீர்கள்.