பந்திங் புகைமூட்டம்: 158-ஆ, 89-ஆ?

வணக்கம் அக்கா. பந்திங்கின் காற்றுத் தரக் குறியீடு ஒரு செயலியில் 158, மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் அகப்பக்கத்தில் 89, எதை நம்பி அம்மாவை வெளியே அனுப்புவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே பொய் இல்லை, கணக்குதான் வேறு. அந்த மாதிரி செயலிகள் பெரும்பாலும் அமெரிக்க அளவுகோலில் காட்டும். நம் நாட்டுக் குறியீட்டில் 100-ஐத் தாண்டினால்தான் ‘ஆரோக்கியமற்றது’. 2018 முதல் பி.எம் 2.5 என்னும், காற்றில் மிதக்கும் மிகச் சிறிய நுண்துகளும் அதில் சேர்த்தி, ஆனால் 24 மணி நேரச் சராசரியாக. அதனால் சாயங்காலம் திடீரென்று புகை வந்தால் எண் மெதுவாகத்தான் ஏறும். பந்திங்கிலேயே துறையின் காற்றை அளக்கும் நிலையம் இருப்பது உங்களுக்கு வசதி.

தீ எங்கே என்று பார்க்க, ஆசியான் வானிலை மையத்தின் வரைபடம் நல்லது; துணைக்கோள் கண்ட தீயைப் புள்ளியாகக் காட்டும். ஆனால் கிள்ளான் அருகே ஜொகான் செத்தியா பக்கம் கரிமண் நிலம் அடியிலேயே புகைந்துகொண்டிருக்கும். துணைக்கோளுக்கு எல்லாமே தெரியாது, மேகம் இருந்தால் கேட்கவே வேண்டாம். புள்ளி இல்லை என்பதற்காகத் தீயே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த ‘கிள்ளான் துறைமுகத்தில் அவசரநிலை’ படம்? அது 2005 ஆகஸ்ட்டில் நடந்தது. யாரோ தேதியை வெட்டிவிட்டுச் சுற்றவிடுகிறார்கள்.

அம்மாவுக்கு இளைப்பு என்கிறீர்கள். அப்படியானால் 100 வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கருகல் வாடை வந்தாலே ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.