63 வயது அம்மா தாமே கார் ஓட்டிக்கொண்டு தனுஷ்கோடி போகிறேன் என்கிறார், எப்படித் தடுப்பது?

கேள்வியின் கடைசி வரியில், கார் சாவியை ஒளித்து வைத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு 67 வயது. என் வீட்டிலும் ஒருமுறை சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார்கள். மறுநாள் காலை உலைக்கு அரிசி அளக்கும்போது அது என் கையிலேயே அகப்பட்டது. அந்த வீட்டில் அரிசி அளப்பவள் யார் என்பதை ஒளித்து வைத்தவர் யோசிக்கவில்லை. ஆகவே உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

உங்களுக்கு முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கலாம், வெளியூரில் வேலை பார்க்கிறீர்கள், அம்மா கோவையில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். அம்மா எத்தனை ஆண்டுகளாக ஓட்டுகிறார் என்றோ, ஏன் தனுஷ்கோடிக்குத்தான் போக வேண்டும் என்கிறார் என்றோ நீங்கள் எழுதவில்லை. அவரிடம் கேட்டிருக்கவும் மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். என் மகனும் கேட்டதில்லை.

என் தந்தையார் லாரி ஓட்டுநர். 1960களின் கடைசியில் வால்பாறை எஸ்டேட்டுகளிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கோவைக்கு இறக்கிக்கொண்டிருந்தார். கோடை விடுமுறையில் ஒரு நடைக்காவது என்னையும் லாரியில் ஏற்றிக்கொள்வார். எனக்குக் கழித்தல் கணக்கு வந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, மைல்கல்லைப் பார்த்துத்தான். கல்லின் உச்சியில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை பூசியிருந்தால் மாநிலச் சாலை என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஆழியாற்றைத் தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். ஏற்றத்தில் லாரி திணறி நின்றால் கிளீனர் அண்ணன் மரக்கட்டையோடு குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார். ரேடியேட்டர் கொதித்து அடங்கும் வரை நாங்கள் மதகுச் சுவரில் உட்கார்ந்திருப்போம். எந்த கியரில் மலை ஏறினாயோ அதே கியரில் இறங்கு, எதிரே ஏறி வருகிற வண்டிக்கு நீ ஒதுங்கி வழி கொடு என்ற இரண்டையும் எனக்குப் பத்து வயதாகும்போதே அப்பா பாடம் போலச் சொல்லி வைத்திருந்தார். இன்றைக்கு வார இறுதியில் அந்த மலையில் இறங்கினால் முன்னால் போகிற கார்களிலிருந்து பிரேக் கருகும் வாடை வருகிறது. நாலாவது கியரில் போட்டுவிட்டுக் காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஓட்டுபவர்கள் பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள்; குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

வடக்கே நாக்பூர் வரை சரக்கு ஏற்றிப் போய்வந்தவர் அப்பா. ஆனால் ராமேஸ்வரத்துக்கு அவரால் லாரியில் போக முடிந்ததில்லை. அந்தக் காலத்தில் சாலை மண்டபத்தோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் கடலைத் தாண்ட ரயில்தான் உண்டு. பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறக்கப்பட்டபோது அவர் ஸ்டியரிங்கை விட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. "ரோடு போட்டாங்க, நான்தான் இல்லை" என்று செய்தித்தாளை மடித்து வைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

நான் ஓட்டக் கற்றுக்கொண்டது 1996இல், 38 வயதில். பள்ளி ஆசிரியை வேலை, இரண்டு பிள்ளைகள், பழைய மாருதி 800 ஒன்று. என் கணவர் காரில் உட்காருவதை விரும்புவாரே தவிர ஓட்டுவதை விரும்ப மாட்டார். தாராபுரம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார். அடுத்த ஆண்டே அப்பாவை இடப்பக்க இருக்கையில் உட்கார வைத்து உடுமலையிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் புறப்பட்டேன். பழனி, திண்டுக்கல், மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை நான் லாரியை முந்தும்போதும் அவருடைய வலது கால், பிரேக்கே இல்லாத அந்தப் பக்கத்தில், மிதியடியை அழுத்திக்கொண்டே இருந்தது. ஊர் திரும்பிக் காரைக் கழுவும்போது பார்த்தேன். அவர் குதிகால் பட்ட இடத்தில் ரப்பர் மிதியடி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பாலத்தின் நடுவே வந்ததும் "நிறுத்து" என்றார். நிறுத்தக்கூடாத இடம் என்று தெரிந்தும் நிறுத்தினேன். இறங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே 1914இல் கட்டிய ரயில் பாலத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹாரன் அடித்தன, ஒரு காவலர் விசிலோடு ஓடி வந்தார். அப்பா எதுவும் காதில் விழாதவர் போல நின்றார்.

இதைப் படித்துவிட்டு, "பெட்ரோல் விற்கிற விலையில் இது பணக்காரப் பொழுதுபோக்கு, ரயிலில் போனால் என்ன" என்று சிலர் எழுதுவார்கள். ரயிலிலும் போயிருக்கிறேன், அது நல்ல பயணம்தான். என்னுடையது ஆசிரியர் ஓய்வூதியம். பட்டுப்புடவையும் நகையும் வாங்காத பெண்ணுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை டேங்க் நிரப்பும் உரிமை உண்டு என்று கருதுகிறேன். இதே ஊரில் என் வயது ஆண்கள் பைக்கில் லடாக் போய்வந்தால் மாலை போட்டு வரவேற்கிறார்கள். நான் பெட்ரோல் பங்கில் இறங்கினால், "டிரைவர் வரலீங்களாம்மா?" என்று கேட்கிறார்கள்.

இனி, சாவி ஏன் அரிசிப் பானைக்குப் போனது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2022இல் ஓர் இரவு, திருமண வீட்டிலிருந்து திரும்பும்போது எங்கள் தெரு முனையிலுள்ள மின்கம்பத்தில் காரின் இடப்பக்கக் கதவு முழுவதையும் உராய்த்துவிட்டேன். கம்பம் அங்கேயே முப்பது ஆண்டுகளாக நிற்கிறது. எதிரே ஒரு வண்டிக்காரன் ஹைபீம் போட்டுக்கொண்டு வந்தான் என்று அவனைத் திட்டினேன். அவன் மீதும் தவறுதான், இந்த எல்.இ.டி. விளக்குகளை வெளியே வாங்கிப் பொருத்திக்கொண்டு யார் கண்ணிலும் அடிப்பவர்களுக்கு எத்தனை அபராதம் போட்டாலும் தகும். முன்பெல்லாம் சாலையோரப் புளியமரங்களுக்குக் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து எண் போட்டிருப்பார்கள். கண் கூசினாலும் அந்தப் பட்டைகளைப் பிடித்துக்கொண்டே சாலை வளைவதைக் கண்டுகொள்ளலாம். நான்கு வழி போடுகிறேன் என்று அவற்றையும் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். இவையெல்லாம் உண்மை. ஆனால் அன்றிரவு எதிர் விளக்கைச் சுற்றி எனக்கு ஒரு பெரிய வட்டம் தெரிந்தது என்பதும், அது பல மாதங்களாகவே தெரிந்துகொண்டிருந்தது என்பதும், சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து நான் யாரிடமும் சொல்லவில்லை என்பதும் அதைவிடப் பெரிய உண்மை. இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். கட்டை அவிழ்த்த பிறகுதான் எங்கள் வீட்டுச் சுவர் மஞ்சள் இல்லை, வெள்ளை என்பதே தெரிந்தது. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு மீண்டும் ஓட்டினேன். இப்போது பொழுது சாய்ந்தால் ஓட்டுவதில்லை.

உங்கள் அம்மாவும் எதையாவது இப்படி மறைத்துக்கொண்டிருக்கலாம். சாவியை ஒளித்தால் அவர் இன்னும் நன்றாக மறைப்பார். நம் சட்டத்தில் 55 வயதைத் தாண்டியவர்களுக்கு உரிமத்தை ஐந்து ஆண்டுகளுக்குத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள், மருத்துவச் சான்றும் கேட்கிறார்கள். ஆனால் அந்த மருத்துவச் சான்றை எத்தனை இடத்தில் ஆளை நிமிர்ந்து பார்க்காமலே கையெழுத்திட்டுத் தருகிறார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அதை நம்பாதீர்கள். கண் மருத்துவரிடம் நீங்களே அழைத்துப் போங்கள், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் கேளுங்கள். பிறகு இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போங்கள்.

கோவையிலிருந்து விடிந்த பிறகு புறப்பட்டால் போதும். ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் மதுரையில் ஓர் இரவு தங்குங்கள். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை; அதற்கு அப்பால் நான் கடைசியாகப் போனபோது இரண்டு வழிதான், எதிரே பேருந்துகள் முந்திக்கொண்டு நம் பாதியில் வரும், அங்கே அம்மா அவசரப்படாமல் இருந்தால் போதும். தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017 முதல் நல்ல தார்ச்சாலை இருக்கிறது. இரு பக்கமும் கடல், காற்றில் மணல் வந்து சாலையில் படியும், அங்கே பிரேக்கைத் திடீரென்று மிதிக்கக் கூடாது. மாலைக்குள் திரும்பிவிடுங்கள்.

நீங்கள் இடப்பக்கம் உட்காருங்கள், கால் என்ன செய்தாலும் வாயை மட்டும் திறக்காதீர்கள். பாம்பன் பாலத்தின் நடுவில் அம்மா வண்டியை ஓரம் கட்டப் பார்த்தால் அப்போது மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்களைப் பிடித்த காவலர் அன்று 100 ரூபாய் அபராதம் எழுதினார். ரசீதை அப்பா என்னிடம் தரவில்லை, தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.