பயோமெடிக்கல் படிக்க ஆசை: மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

மருத்துவமனைக் கருவிப் பராமரிப்பில் இருக்கும் ஒருவர் இந்த வாரக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி (உசிலம்பட்டி, பிளஸ் டூ மாணவர்): அக்கா, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பயாலஜி படிக்காமல் பயோமெடிக்கல் எடுக்கலாமா? நீட் எழுதணுமா?

தாராளமா எடுக்கலாம் தம்பி. நீட் வேண்டாம். இது மருத்துவக் கருவிகளைப் பற்றிய பொறியியல் படிப்பு. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு மற்ற பிரிவுகளைப் போலவே கவுன்சிலிங்தான். கட்-ஆஃப் 200-க்கு: கணக்கு முழுதாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. கணக்கில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 என்றால் 92 + 44 + 45 = 181. கணக்கில் போகும் ஒரு மார்க்கின் எடை மற்றதைவிட இரு மடங்கு, அதை மறந்துவிடாதே.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி நீதான் என்றால் அந்தச் சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடு. கடைசி வாரத்தில் அலையாதே.

பயாலஜி இல்லாத குறையை ஒரு கோடை விடுமுறையில் சரிக்கட்டலாம். பள்ளி உயிரியல் புத்தகத்தில் இதயம், நரம்பு, நுரையீரல், சிறுநீரகம் பாடங்களை மட்டும் படி. பிள்ளைகள் உண்மையில் அரியர் வைப்பது சர்க்யூட், சிக்னல் தாள்களில்தான். இன்னொன்று, பயோடெக்னாலஜியும் பயோஇன்ஃபர்மேடிக்ஸும் வேறு படிப்புகள். சாய்ஸ் போடும்போது பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாமல் பாடப்பிரிவின் குறியீட்டு எண்ணைச் சரிபார்.

கேள்வி (மேலூர், ஒரு தாய்): மகள் பாட்டனி, ஸுவாலஜி குரூப். கணக்கு இல்லை. மெஷின் பக்கம்தான் ஆசைப்படுகிறாள்.

கணக்கு மார்க் இல்லாமல் கவுன்சிலிங் கட்-ஆஃப் போட முடியாதும்மா. ஆனால் மெஷினோடு இருக்கும் வேலைக்கு வேறு வாசல் இருக்கிறது: பி.எஸ்சி. ரேடியாலஜி இமேஜிங், டயாலிசிஸ் டெக்னாலஜி, ஆப்டோமெட்ரி (கண் பரிசோதனை). இவற்றில் மெஷினை இயக்குவதுதான் வேலை. பிரித்துப் பழுது பார்ப்பது அல்ல. இந்த வித்தியாசத்தை மகளிடம் சொல்லிவிட்டு அவளையே முடிவெடுக்கச் சொல்லுங்கள். பத்தாவது முடித்த தம்பி தங்கை இருந்தால், பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் ஆண்டு பி.இ. சேரும் வழியும் உண்டு.

கேள்வி (திருமங்கலம்): ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்) படித்துவிட்டு இந்தத் துறைக்கு வரலாமா?

வரலாம். மேற்படிப்புக்கு கேட் தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கலுக்குத் தனித் தாள் இருக்கிறது.

கேள்வி (செக்கானூரணி, கல்லூரி என்.எஸ்.எஸ். மாணவி): ஏழு நாள் முகாமில் ஊர்க்காரர்களுக்கு பி.பி. பார்க்கப் போகிறோம் அக்கா. என்ன தயார் செய்யணும்?

முதல் வேலை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் தேதியைச் சொல்லி ஒப்புதல் வாங்குவது. அளவு கூடி வருபவரை அனுப்ப இடம் இல்லாத முகாம் அவரைப் பயமுறுத்தி வீட்டுக்கு அனுப்புவதோடு நின்றுவிடும்.

அடுத்தது கருவி. முள் வைத்த மீட்டர் என்றால், கையில் சுற்றும் பட்டையைத் தண்ணீர் பாட்டிலில் இறுக்கிச் சுற்றி 200 வரை காற்றடித்து வால்வை மூடுங்கள். ஒரு நிமிடத்தில் 4 மில்லிமீட்டருக்கு மேல் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்தால் குமிழி வரும் இடம் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் ரப்பர் குழாய் மாட்டும் முனைதான். காற்றே இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நின்றால் மட்டும் மீட்டர் சரி என்று ஆகிவிடாது. ஆஸ்பத்திரியில் சரிபார்த்த மீட்டர் ஒன்றோடு டி வடிவ இணைப்பில் சேர்த்து 60, 120, 180 மூன்று இடத்திலும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 3-க்கு மேல் போனால் அதை முகாமுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

மூன்றாவது பட்டை. வழக்கமாக வரும் நடுத்தரப் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள புஜத்துக்குத்தான். தையல் டேப்பால் அளந்து பாருங்கள். சுமை தூக்குகிற அண்ணன்களுக்கு 34, 35 வரும். சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். ஆகவே பெரிய பட்டை ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

வந்தவரை முதுகு சாய நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். டீ, பீடி முடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். கால் மேல் கால் கூடாது, பேச்சுக் கொடுக்கவும் கூடாது. கையை மேசையில் நெஞ்சு மட்டத்தில் வைக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் கீழே தொங்கினால் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் கூடுதலாக வரும். பள்ளிக்கூடத் திண்ணையில் முகாம் போட்டால் இதில்தான் தவறு நடக்கும், ஏனென்றால் அங்கே மேசை இருக்காது. இரண்டு மேசை கேட்டு வாங்குங்கள்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். 140/90-க்கு மேல் என்றால் சுகாதார நிலையத்துக்குச் சீட்டு. 180/120-ஐத் தொட்டு, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் எதுவும் இருந்தால் உடனே 108. மாத்திரை பெயர் எதையும் நீங்கள் சொல்லக் கூடாது. சீட்டு வாங்கியவர்கள் பட்டியலை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியரிடம் கொடுத்தால் அவர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்.

கேள்வி (விளாச்சேரி, மூன்றாம் ஆண்டு மாணவர்): மேக்ஸ்30102 சென்சாரில் ரத்த ஆக்சிஜன் அளவு எடுக்கிறோம். சில போர்டு ஆர்டினோவில் தெரியவே இல்லை; தெரிந்தாலும் எண் குதிக்கிறது.

தெரியாததற்கு வழக்கமான காரணம், மலிவான போர்டுகளில் தரவுக் கம்பிகளின் புல்-அப் மின்தடைகள் (கம்பியை 'ஆன்' நிலையில் இழுத்து வைப்பவை) 1.8 வோல்ட்டில் இணைந்திருப்பது. ஆர்டினோ ஊனோ போர்டு அதை 'ஆன்' என்று எடுத்துக்கொள்ளாது. அந்த மின்தடைகளை 3.3 வோல்ட்டுக்கு மாற்றிச் சால்டர் செய்யுங்கள்.

எண் குதிப்பது பெரும்பாலும் விரலால்தான். அழுத்திப் பிடித்தால் ரத்த ஓட்டமே நின்று அலை தட்டையாகிவிடும். துணி காயப்போடும் கிளிப்பை வெட்டி, கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டி, விரல் லேசாக உட்காரும்படி செய்யுங்கள். ட்யூப்லைட் வெளிச்சமும் மறையும். முதலில் அலையைத் திரையில் வரைந்து பாருங்கள். சிவப்பு ஒளியின் அலையும் அகச்சிவப்பு ஒளியின் அலையும் ஒன்றாக ஏறி இறங்கினால்தான் எண்ணை நம்பலாம். மருதாணியும் நகப்பூச்சும் இல்லாத விரலாகப் பாருங்கள். இது கற்றுக்கொள்ளச் செய்த கருவி, இதை வைத்து யாருக்கும் உடம்பு சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி (அண்ணாநகர்): மதுரையிலேயே கற்றுக்கொள்ள இடம் உண்டா?

உண்டு. 1976-ல் 11 படுக்கையோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண் மருத்துவக் கருவிப் பராமரிப்புக்கென்றே குறுகிய காலப் பயிற்சி நடத்துகிறது. அதன் உற்பத்திப் பிரிவான ஆரோலேப் 1992 முதல் கண்புரை அறுவையில் வைக்கும் லென்ஸை இங்கேயே செய்கிறது. சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டும் விலையில் லென்ஸ் கிடைத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எந்த மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப் கேட்டாலும் கல்லூரிக் கடிதத்தோடு போங்கள். முதல் வாரம் ஸ்க்ரூடிரைவரைத் தொடாமல் பழுதுப் பதிவேட்டைப் படியுங்கள். மெஷின் கோளாறு என்று வந்த புகார்களில் எத்தனை ஒயர், பிளக், பேட்டரியில் முடிந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (வாடிப்பட்டி, இளைஞர் மன்றம்): கொரோனா சமயத்தில் நன்கொடையாக வந்த 5 லிட்டர் ஆக்சிஜன் செறிவூட்டி இரண்டு மூன்று வருடமாகச் சும்மா கிடக்கிறது. ஊரில் தேவைப்படுபவருக்குக் கொடுக்கலாமா?

அப்படியே கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஜியோலைட் மணிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொள்வதால்தான் ஆக்சிஜன் பிரிகிறது. சும்மா கிடந்தால் அந்த மணிகள் ஈரத்தை உறிஞ்சி வலு இழக்கும். மெஷின் சத்தமாக ஓடும், குழாயில் காற்றும் வரும். ஆனால் அது வெறும் காற்றாக இருக்கலாம். கையை வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பின்பக்க ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்து அரை மணி ஓட்டியபின், நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டத்தில் ஆக்சிஜன் அனலைசரால் அளக்கச் சொல்லுங்கள். 90 முதல் 96 சதவீதம் வரவேண்டும். 82-க்குக் கீழே போனால் மணிகளை மாற்றாமல் பயனில்லை. அடுத்து, மூக்குக் குழாயை மடித்துப் பிடியுங்கள். ஓட்டத்தைக் காட்டும் மீட்டரில் பந்து கீழே விழ வேண்டும். விழாவிட்டால் ஈரப்பத பாட்டில் மூடி கசிகிறது, பலமுறை மரை மாறிப் பூட்டியிருப்பார்கள்.

பாட்டிலில் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் ஊற்றித் தினமும் மாற்ற வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல் நேரே சுவர் பிளக்கில் செருகுங்கள். அந்த அறையில் சாமி விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது. மின்சாரம் போனால் மெஷின் நின்றுவிடும் என்பதால் சின்ன சிலிண்டர் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். எத்தனை லிட்டர் வைப்பது என்பதை மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்தபின் மெஷினை அனுப்புங்கள். மூக்குக் குழாய் மட்டும் ஒவ்வொருவருக்கும் புதிதாக வாங்குங்கள்.