தண்ணீர் பிடிக்கும் இடத்தில் காத்திருங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலை ஒன்றில் பாய்லர் வேலை பார்க்கிறேன். ஆகஸ்டில் மகள் வீட்டுக்கு லீட்ஸ் போகிறேன். அங்கே பழைய நீராவி இன்ஜின்கள் இன்னும் மெயின் லைனில் பயணிகளை இழுத்துக்கொண்டு ஓடுகின்றனவாம். வட இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் ரயில் பாதையில் காடியில் பின்தொடர்ந்தால் மூன்று நான்கு இடத்தில் பார்த்துவிடலாம் என்கிறார் மருமகன். முடியுமா? வீடியோக்களில் ரயிலின் வாலில் ஒரு டீசல் இன்ஜினைக் கோத்திருக்கிறார்களே, எதற்கு? நடுவழியில் அரை மணி நேரம் நிற்கிறதே, கோளாறா? இவ்வளவு தூரம் போகாமல் பக்கத்தில் எங்காவது பார்க்க வழி உண்டா? ஐந்து வயதுப் பேரனையும் கூட்டிப்போக எண்ணம்.

— ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பருக்கு,

அரை மணி நேரம் நிற்பது கோளாறு அல்ல. தண்ணீர் பிடிக்கிறார்கள். இது பிடிபட்டால் உங்கள் மற்றக் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

உங்கள் ஆலை பாய்லருக்குத் தொட்டியிலிருந்து பம்பு ஊட்டிக்கொண்டே இருக்கிறது. ரயில் இன்ஜின் தன் தொட்டியைத் தானே இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். சிலிண்டரில் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே போய்விடும், ஒரு சொட்டும் திரும்பாது. கனமான ரயிலை இழுக்கும் பெரிய இன்ஜின் மைலுக்குச் சுமார் 40 கேலன், அதாவது கிலோமீட்டருக்கு 110 லிட்டருக்கு மேல் குடிக்கும். ‘பிளாக் ஃபைவ்’ வகை இன்ஜினின் டெண்டர், அதாவது பின்னால் கோத்திருக்கும் தண்ணீர்-கரி வண்டி, கொள்வது 4,000 கேலன். கணக்குப்படி 100 மைல் வரும். ஆனால் சிக்னலில் நின்றாலும் ஏற்றத்தில் திணறினாலும் கணக்கு கவிழும், அதனால் மிச்சம் இருக்கும்போதே நிறுத்தி நிரப்புவார்கள். அந்தக் காலத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே நீண்ட தண்ணீர்த் தொட்டி போட்டு, ஓடுகிற ஓட்டத்திலேயே அகப்பை போன்ற ஒன்றை இறக்கி அள்ளிக்கொள்வார்கள். 1968 ஆகஸ்டில் வழக்கமான நீராவி ஓட்டம் முடிந்த பிறகு அதெல்லாம் போயிற்று. 2008-இல் புதிதாகக் கட்டி முடித்த ‘டொர்னேடோ’ இன்ஜினில் அந்த அகப்பை இல்லை. நிலக்கரியைக் குறைத்துத் தண்ணீரை 6,200 கேலனாகக் கூட்டினார்கள். இன்று பல இடங்களில் லாரியில் தண்ணீர் வந்து நிற்கும், தீயணைப்புக் குழாய் மாதிரி ஒன்றை மாட்டி நிரப்புவார்கள்.

ஆகவே ரயிலைத் துரத்தாதீர்கள். தண்ணீர் எங்கே பிடிக்கிறது என்று பார்த்து, அங்கே முன்னாலேயே போய் நில்லுங்கள். இங்கிலாந்தில் ஒவ்வொரு ரயிலின் நேரமும் ‘ரியல்டைம் டிரெய்ன்ஸ்’ தளத்தில் அரை நிமிடக் கணக்கில் இருக்கும். சிறப்பு ரயில்களின் எண் பெரும்பாலும் 1 இசட் என்று தொடங்கும். 5 இசட் என்றால் வெறும் பெட்டிகள், ஆள் ஏறாத ஓட்டம். விரிவான அட்டவணையைத் திறந்தால், பயணிகள் ஏறி இறங்காத இடத்திலும் இருபது முப்பது நிமிடம் நிற்பதாகப் போட்டிருக்கும். பெரும்பாலும் அதுதான் தண்ணீர். சில சமயம் வேக ரயில்களுக்கு வழிவிட்டு ஒதுங்குவதாகவும் இருக்கும். முதல்நாள் இரவும் அன்று காலையும் இரண்டு முறை பாருங்கள், இன்ஜினை மாற்றியிருப்பார்கள் அல்லது ரத்தே செய்திருப்பார்கள்.

உங்கள் பாதைக்கே வருகிறேன். கார்லைலிலிருந்து தெற்கே வரும் நீராவி ரயில் வழக்கமாக ஆப்பிள்பி நிலையத்தில் தண்ணீர் பிடிக்கும். அங்கிருந்து பாதையின் உச்சியான ஏய்ஸ் கில் சுமார் 17 மைல். உச்சியை நெருங்கும்போது நூறு அடிக்கு ஓர் அடி ஏற்றம், மைல் கணக்கில் நீளும். உச்சியின் உயரம் 1,169 அடி. இன்ஜின் உண்மையில் உழைக்கிற சத்தத்தை அங்கேதான் கேட்கலாம். ஆப்பிள்பியிலிருந்து அங்கே வர ரயிலுக்கு அரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். சடக்கிலோ கெர்பி ஸ்டீஃபன் ஊரைச் சுற்றி, பி6259 என்ற ஒடுங்கிய பாதையில் போக வேண்டும், அதைவிடக் கூடுதலாகவே பிடிக்கும். ஆப்பிள்பியில் இன்ஜின் வந்து நிற்பதைப் பாருங்கள், குழாய் மாட்டுவதைப் பேரனுக்குக் காட்டுங்கள், அது கிளம்புவதற்கு இருபது நிமிடம் முன்பே நீங்கள் கிளம்பிவிடுங்கள்.

அதற்குப் பிறகு 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலத்துக்கும் ஓடிப் பிடிக்கலாம் என்று மருமகனுக்குத் தோன்றும். வேண்டாம். உச்சியைத் தாண்டிய ரயில் கால் மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக எடுத்து அங்கே போய்விடும். நீங்கள் ஹாஸ் என்ற ஊர் வழியாகச் சுற்றி அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். இருபுறமும் கல்மதில், எதிரே டிராக்டர், சாலையில் ஆடு. நம்மைப் போலவே அங்கும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் துணிச்சல் கூடிவிடும், அதுதான் ஆபத்து. ஒரு நாளில் இரண்டு இடம் உருப்படியாகப் பார்ப்பதே லாபம். மூன்றாவதைப் பிடிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் பெட்டியைத்தான் பார்க்கிறார்கள்.

அந்த டீசல் இன்ஜின் மீது ரசிகர்களுக்குப் பெரிய குறை, படத்தைக் கெடுக்கிறதாம். ஆனால் அதைக் கோப்பதற்கும் நியாயம் உண்டு. நீராவி இன்ஜின் நடுவழியில் நின்றுபோனால் பின்னால் வரும் அத்தனை ரயிலும் நிற்கும், அப்போது இழுத்துப்போக ஆள் வேண்டும். குளிர்சாதனத்துக்கும் விளக்குக்கும் மின்சாரம் தர வேண்டும். பயணம் முடியும் இடத்தில் இன்ஜினைத் திருப்ப வசதி இல்லையென்றால் மறுமுனையிலிருந்து இழுக்கவும் அதுதான். வெயில் காலத்தில் பொறி பறந்து காய்ந்த புல் பற்றிக்கொள்ளும் என்பதால் ஏற்றத்தில் டீசலைத் தள்ளச் சொல்வதுண்டு, மிகவும் காய்ந்துவிட்டால் நீராவி இன்ஜினையே கழற்றிவிடுவார்கள். நீங்கள் போவது ஆகஸ்டு, இந்த ஏமாற்றத்துக்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். தண்ணீரும் நிலக்கரியும் சரியாக இருந்தாலும் கெடக்கூடியவை வேறு உண்டு: சக்கர அச்சைத் தாங்கும் அச்சுப்பெட்டி சூடேறுவது, ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்குவது. நிலக்கரி மட்டமாக இருந்தால் சாம்பல் உருகி இறுகிக் கிளிங்கர் கட்டி நெருப்புத் தட்டை அடைத்துவிடும். செம்பனைக் கொட்டை ஓடும் நாரும் எரித்துத் தட்டைச் சுரண்டிய உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வேல்ஸின் ஃபோஸ்-இ-ஃப்ரான் சுரங்கம் 2023-இல் மூடிய பிறகு கரிக்கு வெளிநாட்டை நம்ப வேண்டியிருக்கிறது.

படங்களில் வரும் அந்த வெள்ளைப் பஞ்சுப் பொதி ஆகஸ்டில் கிடைக்காது. சூடான காற்றில் நீராவி சீக்கிரம் கரைந்துவிடும், குளிரில்தான் திரண்டு நிற்கும். அதிகாலை ரயிலாகப் பார்த்துப் போனால் கொஞ்சம் தேறும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து ரயிலை நோக்கி வீச வேண்டும், எதிர்ப்புறம் நின்றால் புகை தாழ்ந்து பெட்டிகளை மூடிவிடும். கேமராவில் ஷட்டர் வேகம் 1/500 நொடியோ அதைவிட வேகமாகவோ இருக்கட்டும்.

வேலியைத் தாண்டாதீர்கள். அங்கே தண்டவாளத்தில் ஏறினால் 1,000 பவுண்டு வரை அபராதம். 2016 பிப்ரவரியில் ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்’ என்ற புகழ்பெற்ற நீராவி இன்ஜின் பழுது நீங்கி லண்டனிலிருந்து யார்க்குக்கு ஓடியபோது, ஆட்கள் பாதையில் இறங்கியதால் ரயிலையே நிறுத்தினார்கள். செட்டில் பாதையில் மின்கம்பி இல்லை, ஆனால் லீட்ஸிலிருந்து ஸ்கிப்டன் வரை உண்டு. நம் ஈடிஎஸ் மின்ரயில் ஓடும் கம்பிச்சடக்கில் இருக்கும் அதே 25,000 வோல்ட். அந்தக் கம்பிக்குக் கீழே இன்ஜின் ஆட்களே டெண்டர் மேல் ஏறக் கூடாது. செல்ஃபி குச்சியைக் காடியிலேயே விட்டுவிடுங்கள்.

பக்கத்தில் வேண்டுமென்றால் தாய்லாந்து. ஜப்பானில் கட்டிய 824, 850 என்ற இரண்டு நீராவி இன்ஜின்களை அந்நாட்டு ரயில்வே வருடத்தில் சில விசேஷ நாட்களில் பேங்காக்கிலிருந்து ஓட்டுகிறது. அக்டோபர் 23-உம் டிசம்பர் 5-உம் அவற்றில் முக்கியமானவை. பாடாங் பெசாருக்கு ஈடிஎஸ், அங்கிருந்து தாய்லாந்து ரயில். போகும் இடம் வருடத்துக்கு வருடம் மாறலாம், அறிவிப்பு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

பேரனுக்கு ஒன்று. நின்ற இன்ஜினின் சிலிண்டரில் நீராவி குளிர்ந்து தண்ணீராகியிருக்கும். அதை வெளியேற்றாமல் ஓட்டினால் பிஸ்டன் மோதி சிலிண்டர் மூடியே உடையும். ஆகவே கிளம்பும்போது வடிகுழாயைத் திறப்பார்கள், முன்சக்கரங்களுக்குப் பக்கத்தில் கொதிக்கும் ஆவி பக்கவாட்டில் சீறிக்கொண்டு வரும். பாதுகாப்பு வால்வும் சொல்லாமல் திறக்கும், சின்னக் காதுக்கு அது தாங்காது. காதுக்கவசம் மாட்டி, பிளாட்பாரத்தில் மூன்றாவது பெட்டிக்கு நேராக நிறுத்துங்கள்.