டெக்சாஸ் போனால் 20,000 டாலர் மிச்சமாகுமா?

கேள்வி: வணக்கம் சார். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். இருவர் சம்பளம், கம்பெனி தவணை முறையில் தரும் ஆர்.எஸ்.யு. பங்குகள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 2,90,000 டாலர் வருகிறது. 2014-ல் 8 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு இப்போது 17 லட்சம் போகும் என்கிறார்கள். 2021-ல் வீட்டுக் கடனை 2.75% வட்டிக்கு மாற்றி ரீஃபைனான்ஸ் செய்தோம். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம்; கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் கிடைத்து வரிசையில் நிற்கிறோம். எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் சில டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவுக்குப் போய்விட்டன. "இங்கே ஸ்டேட் டாக்ஸே கிடையாது, ஏன் அங்கே கொட்டிக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். என் கம்பெனிக்கு அங்கேயும் ஆபீஸ் உண்டு. போய்விடலாமா?

பதில்: வரிக்காக மட்டும் என்றால் போக வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் வருமானத்துக்கு கலிபோர்னியா வருமான வரி சுமார் 18,000 டாலர் வரும். சம்பளத்தில் பிடிக்கும் எஸ்.டி.ஐ. (வேலை செய்ய முடியாத காலத்துக்கான மாநிலக் காப்பீடு) இன்னொரு 3,000 சொச்சம். ஆக 21,000. மாநில வரி, சொத்து வரிக்காக ஃபெடரல் (மத்திய அரசு) வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் தொகை 2018 முதல் 10,000 டாலரோடு நின்றிருந்தது; 2025-ல் அதை 40,000 ஆக்கிவிட்டார்கள். அதனால் நீங்கள் கட்டுவதில் மூன்று, நான்காயிரம் ஃபெடரல் வரியில் குறைகிறது. டெக்சாஸ் போனால் மிச்சமாகக்கூடியது ஏறக்குறைய 17,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் தொகை இல்லைதான்.

ஆனால் கலிபோர்னியாவை விட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோரைத் துரத்துவது வருமான வரி இல்லை, வீடு. மக்கள்தொகைக்கு ஏற்ப இடம் பிரிக்கும் நாடாளுமன்றக் கீழவையில், 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு கலிபோர்னியா வரலாற்றிலேயே முதல்முறையாக ஓர் இடத்தை இழந்து 53-லிருந்து 52 ஆனது. டெக்சாஸ் இரண்டு இடம் கூடி 38 ஆனது. கிளம்பியவர்களில் ஏராளமானோர் நடுத்தர, குறைந்த வருமானக்காரர்கள். அவர்கள் கட்டும் கலிபோர்னியா வருமான வரி சொற்பம். சொல்லப்போனால் குறைந்த வருமானக் குடும்பம் விற்பனை வரியும் சொத்து வரியும் சேர்த்து, தன் வருமானத்தில் கூடுதல் பங்கை டெக்சாஸில்தான் கட்டுகிறது. அப்படியும் போகிறார்கள் என்றால், வாடகை தாங்கவில்லை, சொந்த வீட்டுக்கு வழியில்லை. உங்கள் நண்பர்கள் இங்கே சொந்த வீட்டில் இருந்தார்களா, வாடகையிலா? வாடகையில் இருந்து, இன்றைய விலையில், 6 சதவீத அளவில் வட்டி கட்டி ஃப்ரீமான்ட்டில் வாங்க வேண்டிய நிலை என்றால், அவர்கள் போனது முழுக்கச் சரி. உங்கள் கணக்கு வேறு.

1978-ல் கலிபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றிய ப்ரொபசிஷன் 13 என்ற சொத்து வரிச் சட்டம் உங்களைக் காப்பாற்றுகிறது. வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது; 17 லட்சம் பெறும் வீட்டுக்கு சுமார் 10 லட்சத்தின் பேரில்தான், 12,000 டாலர் அளவில் கட்டுகிறீர்கள். ஃப்ரிஸ்கோவில் 7 லட்சம் டாலர் வீட்டுக்கே 10,000 முதல் 14,000 வரை ஆகும். மதிப்பும் அங்கே ஆண்டுக்கு 10% வரை ஏறலாம். ஆலங்கட்டி மழை ஊர் என்பதால் இன்ஷூரன்ஸ் தனிச் சுமை. புது வீடு வாங்குகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். முதல் வருடம் வரி பெரும்பாலும் வெறும் மனைக்குத்தான் வரும். மாதத் தவணையோடு வரிக்காகப் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ தொகையையும் அதை வைத்தே போட்டிருப்பார்கள். அடுத்த வருடம் வீட்டோடு சேர்த்து மதிப்பிட்டதும், விடுபட்ட பாக்கியும் சேர்ந்து மாதத் தவணை பல நூறு டாலர் எகிறும். கட்டுநர் காட்டும் தவணைத் தொகையை நம்பாமல், முழு மதிப்புக்கு வரி எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இந்த வீட்டை விற்றால் அங்கே கடனே இல்லாமல் வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். ஆனால் விற்கும் செலவு போக லாபம் 8 லட்சம் என்றால், தம்பதிக்கு 5 லட்சம்தான் விலக்கு. மீதி 3 லட்சத்துக்கு ஃபெடரல் 15%, முதலீட்டு வருமான வரி 3.8%, கலிபோர்னியா 9.3%, எல்லாம் சேர்த்து 84,000 டாலர். நீங்கள் எதிர்பார்க்கும் மிச்சத்தில் ஐந்து வருடம் அதிலேயே போய்விடும். டெக்சாஸ்வாசியாக மாறிய பிறகு விற்றாலும் கலிபோர்னியா தன் பங்கை விடாது. வீட்டில் செய்த பெரிய மராமத்து, கூடுதல் அறை ரசீதுகள் இருந்தால் எடுத்து வையுங்கள். அவை லாபத்தைக் குறைக்கும்.

ஆர்.எஸ்.யு.வும் அப்படித்தான். 2023-ல் கொடுத்த பங்கு 2027-ல் கைக்கு வருகிறது, அதில் மூன்று வருடம் கலிபோர்னியாவில் வேலை செய்தீர்கள் என்றால், முக்கால் பங்குக்குக் கலிபோர்னியா வரி உண்டு. அப்புறம் சம்பளம். ஊருக்கு ஏற்பச் சம்பளத்தை மாற்றும் கம்பெனிகள் பல. அடிப்படைச் சம்பளம் 2,30,000 என்றால், 8% குறைத்தாலே 18,000 டாலர் போச்சு. அதற்கான வரி போகப் பார்த்தாலும், மிச்சத்தில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும்.

பணத்தைவிட எனக்குக் கவலை விசாதான். டாலஸ் வேறு வட்டாரம் என்பதால், அங்கே வேலையைத் தொடங்கும் முன்பே கம்பெனி திருத்தப்பட்ட எச்-1பி மனு போட வேண்டும். கிரீன் கார்டுக்கான முதல் படியான பெர்ம் (தொழிலாளர் துறைச் சான்று) குறிப்பிட்ட வேலையையும் இடத்தையும் வைத்துப் போட்டது. இடம் மாறினால் பெர்மும் ஐ-140-ம் புதிதாகச் செய்ய வேண்டி வரலாம். வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் பழைய பிரயாரிட்டி தேதி பொதுவாகக் கையில் நிற்கும். ஆனால் ஆள்குறைப்பு நடக்கும் நேரத்தில் கம்பெனிகள் புது பெர்ம் போடத் தயங்குகின்றன.

மகள் விஷயம் இன்னும் நேரடியானது. இப்போது கிளம்பினால் கலிபோர்னியா அரசின் யூ.சி. பல்கலைக்கழகங்களில் அவள் வெளிமாநில மாணவி. 2025-ல் சேர்ந்தவர்களுக்கு அதற்கான கூடுதல் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 37,000 டாலருக்கு மேல். டெக்சாஸில் யூ.டி. ஆஸ்டின் (அந்த மாநிலப் பல்கலைக்கழகம்) இருக்கிறதே என்றால், 2026 சேர்க்கை முதல் பள்ளியில் முதல் 5 சதவீதத்துக்குள் வருபவர்களுக்குத்தான் அங்கே நேரடி இடம். ஃப்ரிஸ்கோ பள்ளிகளில் நம் பிள்ளைகளின் போட்டி எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பதினொன்றாம் வகுப்பில் ஊர் மாற்றி அந்தப் போட்டியில் அவளை இறக்காதீர்கள்.

அவள் பள்ளியை முடிக்கட்டும். அதன் பிறகும் பெரிய வீடு, பக்கத்தில் சொந்தபந்தம், வேறு வேலை என்று ஃப்ரிஸ்கோ இழுத்தால் தாராளமாகப் போங்கள். அவையெல்லாம் ஊர் மாற நல்ல காரணங்கள். உடனே வீட்டை விற்க வேண்டாம். இதை வாடகைக்கு விட்டு, அங்கே நீங்களும் வாடகையில் இருந்து பாருங்கள். கடைசி ஐந்து ஆண்டில் இரண்டு ஆண்டு குடியிருந்திருந்தால் அந்த 5 லட்சம் விலக்கு உண்டு. கிளம்பிய நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் என்று பொருள். வாடகை வருமானத்துக்கும், வாடகைக் காலத்தில் எடுத்த தேய்மானக் கழிவுக்கு விற்கும்போதும் வரி இருக்கிறது, அது தாங்கக்கூடியதுதான்.

இதற்கிடையில் எச்.ஆரிடம் இரண்டு கேள்வி எழுத்தில் கேளுங்கள்: டாலஸுக்கு மாறினால் சம்பளம் எவ்வளவு, புது பெர்ம் போடுவீர்களா? பதில் வந்ததும், ஆர்.எஸ்.யு. பங்குகள் கொடுக்கப்பட்ட தேதிகளோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் எண்களை வைத்தே கணக்குப் போட்டுத் தருகிறேன்.