இன்டர்வியூவில் ஒப்பிக்காதீர்கள்: மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

கடைசி வருட மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதி, ஆள் மாறினாலும் ஒரே கேள்விதான். அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நான் பல வருடங்கள் ஆளெடுக்கும் குழுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டவன். அதற்கும் முன்னால், வேர்த்துப்போய் உளறிவிட்டு வந்தவனும்கூட.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்ற கேள்விக்குப் பதிலை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். ஆனாலும் நடுவில் மறந்துவிடுகிறது. என்ன செய்வது?

மனப்பாடம் செய்ததால்தான் மறக்கிறது. ஒரு வரி நழுவினால் பின்னால் உள்ளதெல்லாம் சேர்ந்து போய்விடும். ஒப்பிப்பவரைக் கண்டுபிடிப்பதும் சுலபம்: பார்வை கூரையின் மூலைக்குப் போகும், குரல் ஒரே சுருதியில் ஓடும். பெயர், பிறந்த ஊர், அப்பாவின் வேலை, பொழுதுபோக்கு என்று அடுக்க வேண்டாம். தேவையானது எங்கள் கையிலுள்ள ரெஸ்யூமேயிலேயே இருக்கிறது.

மூன்று விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள். இப்போது என்ன படிக்கிறீர்கள், அதில் எது பிடித்துப்போய் எதைச் செய்து பார்த்தீர்கள், அங்கிருந்து இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொற்களில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒன்றரை நிமிடம் போதும்.

வேலை அனுபவமே இல்லை. ரெஸ்யூமேயில் எதை எழுதுவது?

சுமார் 1482-இல் லியொனார்டோ டா வின்சி மிலானின் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்ட்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகைக் கருவிகள், கவச வண்டிகள் எனப் போர் சம்பந்தப்பட்டதையே அடுக்கிவிட்டு, ஓவியம் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் சொன்னார். படிப்பவருக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் அந்த வேலைக்கான விளம்பரத்தை வரிவரியாகப் படியுங்கள். அதில் கேட்டிருப்பதற்குப் பக்கத்தில் வரக்கூடியது எதுவானாலும் எழுதலாம்: துறை விழாவின் வரவு செலவைப் பார்த்தது, விடுமுறையில் கடையில் நின்றது, ஜூனியர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது.

இரண்டு நாள் வீடியோ பார்த்த மென்பொருளைத் ‘திறமைகள்’ பட்டியலில் சேர்க்காதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

புராஜெக்ட் நாலு பேர் சேர்ந்து செய்தது. அதில் எவ்வளவு ஆழமாகக் கேட்பார்கள்?

புதிதாகப் படித்து வருபவரிடம் கேட்க எங்களுக்கு உருப்படியாகக் கிடைப்பது அது ஒன்றுதான். அதனால் அங்கேதான் தோண்டுவோம்.

ஒரு முறை, நூலகத்துக்கான மென்பொருளைச் சேர்ந்து செய்த இரண்டு பேர் அடுத்தடுத்து வந்தார்கள். இருவரிடமும் ஒரே கேள்வி: “ஒரே புத்தகத்தை ரெண்டு பேர் ஒரே நேரத்தில் ரிசர்வ் செய்தால் என்ன ஆகும்?” முதலில் வந்தவர் திருதிருவென்று விழித்துவிட்டு, “அந்தப் பகுதியை ஃபிரெண்டு செஞ்சார் சார்” என்றார். அடுத்து வந்த பெண் கொஞ்சம் யோசித்தார். ஒரு பேப்பர் கேட்டு வாங்கி இரண்டு கட்டம் போட்டார், அம்புக்குறி இழுத்தார், பேனா அப்படியே நின்றது. “இப்ப இருக்கிறபடி ரெண்டு பேருக்குமே கொடுத்துடும் சார். நாங்க அதை யோசிக்கல.” பிறகு அதே பேப்பரிலேயே எங்கே தடுக்கலாம் என்று காட்டினார். அவரைத்தான் எடுத்தோம். புராஜெக்டில் ஓட்டை இருந்தது எங்களுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

உங்கள் பங்கு எது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மற்றவர்கள் செய்த பகுதியும் எப்படி வேலை செய்கிறது என்று அவர்களிடமே உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். ஏன் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தீர்கள், எங்கே சிக்கிக்கொண்டீர்கள், மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்ற மூன்றும் கட்டாயம் வரும்.

‘ஸ்டார்’ முறையில் பதில் சொல்லச் சொல்கிறார்கள். உதவுமா?

உதவும். சூழ்நிலை, உங்கள் பொறுப்பு, செய்தது, விளைவு என்ற வரிசைதான் அது. ஆனால் பெரும்பாலோர் சூழ்நிலையிலேயே மூன்று நிமிடத்தைக் கரைத்துவிடுகிறார்கள். அதை இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். ‘செய்தது’ என்ற இடத்தில் ‘நாங்கள்’ என்று மென்று விழுங்காமல் ‘நான்’ என்று சொல்லுங்கள். அது தற்பெருமை ஆகாது.

பதில் தெரியாவிட்டால்? புதிர்க் கணக்கெல்லாம் கேட்பார்களாமே?

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பக்கத்தில் தெரிந்த இடத்திலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள். உள்ளே ஓடுவது வெளியே கேட்க வேண்டும்.

புதிர்களுக்காக ராத்திரி கண்விழிக்க வேண்டாம். கூகுளின் மனிதவளத் துறைக்குத் தலைமை வகித்த லாஸ்லோ போக், விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது மாதிரியான கேள்விகள் வெறும் நேர விரயம் என்று 2013-இலேயே சொல்லிவிட்டார். இன்றும் சிலர் கேட்கிறார்கள்தான். கேட்டால், விடையைவிட எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள் என்பதைக் காட்டுங்கள்.

இன்டர்வியூ நடக்கும் மொழி எனக்குச் சரளமாக வராது.

சின்ன வாக்கியங்களாகப் பேசுங்கள். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேளுங்கள். புரியாமலேயே பதில் சொல்வதுதான் ஆளைக் கவிழ்க்கும். உங்கள் பாடத்தை அந்த மொழியில் தினம் பத்து நிமிடம் யாருக்காவது விளக்குங்கள். கேட்க ஆளில்லை என்றால் போனில் பதிவு செய்து போட்டுக் கேளுங்கள். முதல் நாள் உங்கள் குரலையே சகிக்க முடியாது. நாலாவது நாள் தவறுகள் மட்டும் காதில் விழும்.

ஆன்லைன் இன்டர்வியூவில் கவனிக்க வேண்டியது?

வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நிழலுருவம்தான் தெரியும். லேப்டாப்பைப் புத்தகங்கள் மேல் வைத்து கேமராவைக் கண் உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். திரையில் பதிலை ஒட்டி வைத்துப் படிக்காதீர்கள். விழி இடமிருந்து வலமாக ஓடுவது எங்களுக்குத் தெரியும்.

கடைசியில் “எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்கிறார்களே?

“ஒன்றும் இல்லை” என்று எழுந்துவிடாதீர்கள். முதல் ஆறு மாதம் என்ன வேலை இருக்கும், யாரிடம் கற்றுக்கொள்வேன், இதில் புதியவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று கேளுங்கள். சம்பளப் பேச்சை அவர்களே எடுக்கும்வரை பொறுக்கலாம்.

ஒன்பது இடத்தில் நிராகரித்துவிட்டார்கள். என்னிடம் என்ன குறை?

ஒன்பதும் எந்தச் சுற்றில் போனது என்று எழுதவில்லையே. கூப்பிடவே இல்லை என்றால் ரெஸ்யூமேயைப் பார்க்க வேண்டும். பாடக் கேள்விகளில் போனால் படிக்க வேண்டும். கடைசிச் சுற்றுவரை போய்த் திரும்புகிறீர்கள் என்றால், ஓர் இடத்துக்கு நாலு பேரை வைத்துக்கொண்டு நாங்களே முழித்த நாட்கள் உண்டு. அதில் உங்கள் குறை ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இனி ஒவ்வொரு முறையும் அன்று மாலையே, கேட்ட கேள்விகளையும் தடுமாறிய இடத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்த ஒன்பதில் நினைவுக்கு வருவதை அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.