கடற்கரைச் சரிவில் கேரவனை மட்டமாக நிறுத்துவது: வாசகர் கேள்வி, பதில்

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய கேரவனை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள் போலிருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம், சரிவான இடத்தில் வண்டியை எப்படி மட்டமாக நிறுத்துவது என்பதுதான். அதனால் மற்றதை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பரமக்குடி வாசகர்: ஐயா, பஸ் சேசிஸில் கட்டிய கேரவன் வைத்திருக்கிறோம். தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றினால் 7 டன் வரும். அரியமான் பக்கம் தெரிந்தவர் தென்னந்தோப்பில் இரண்டு நாள் நிறுத்தினோம், நிலம் கடலைப் பார்த்துச் சரிவு. காட்சி நன்றாக இருக்கட்டும் என்று பின்பக்கம் கடலைப் பார்க்க ரிவர்ஸில் விட்டு, நாலு மூலை ஹைட்ராலிக் ஜாக்கியையும் இறக்கி மட்டமாக்கினோம். காலையில் பின்பக்கம் இடது மூலை இறங்கிவிட்டது, கதவைத் திறக்க முடியவில்லை. ஜாக்கியில் கோளாறா?

ஜாக்கியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தரையைப் பாருங்கள். எண்ணெய் ஒழுகியிருந்தால் ஜாக்கி தண்டு உள்ளே போயிருக்கும், அதன் அடியில் இருக்கும் தட்டு தரை மேலேயே நிற்கும். தட்டு மணலுக்குள் புதைந்திருந்தால் ஜாக்கி மேல் தப்பே இல்லை. உங்கள் விஷயத்தில் இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன், கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். 7 டன்னில் பின் ஆக்சிலுக்கு நாலு, நாலரை டன் போகும். அதைப் பின் ஜாக்கி இரண்டும் பகிர்ந்துகொண்டால் ஒன்றுக்கு ஏறக்குறைய 2 டன். ஜாக்கித் தட்டு 20 சென்டிமீட்டர் வட்டம் என்றால் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஆறு கிலோவுக்கு மேல் அழுத்தம். காய்ந்த கடல் மணல் இதைத் தாங்காது. அதே ஜாக்கிக்குக் கீழே இரண்டு அடிக்கு இரண்டு அடி பலகை போட்டால் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பலகை இரண்டு அங்குலக் கனம் இருக்க வேண்டும். மெல்லிய பிளைவுட் நடுவில் வளைந்துகொடுக்கும், அப்புறம் பாரம் பரவாது, பலகை போட்டும் போடாதது மாதிரிதான்.

இதைவிட முக்கியமான ஒன்று, பின்பக்கத்தைக் கடல் பக்கம் விட்டது. கடல் பக்கம்தான் தாழ்வு, அதனால் மட்டமாக்க நீங்கள் பின்பக்கத்தைத் தூக்கியிருக்கிறீர்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின் சக்கரம் தரையைவிட்டு எழும்பினால், ஏன், பாரம் குறைந்து லேசாகத் தொட்டுக்கொண்டு நின்றால்கூட, ஏழு டன் வண்டியைப் பிடித்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை. ஜாக்கி தண்டுகள் நேராக நின்று எடை தாங்கத்தான், சரிவில் வண்டி இழுக்கும்போது அவை வளையும். உள்ளே குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். தயவுசெய்து இனி ஒருபோதும் பின் சக்கரத்தை எழுப்பாதீர்கள்.

சரி, எப்படித்தான் நிறுத்துவது? மூக்கு தாழ்வைப் பார்க்க நிறுத்துங்கள். தோப்புக்குள் நேராக நுழைந்து முன்பக்கம் கடலைப் பார்க்க நின்றுவிட்டால் தூக்க வேண்டியது முன் சக்கரம், பாரம் குறைந்த பக்கம். பின் சக்கரம் பிரேக்கோடு தரையில் உறுதியாக இருக்கும். இன்னொரு லாபமும் உண்டு, திரும்பிப் போகும்போதுதான் தெரியும். இழுவை பின் சக்கரத்தில், அது பாதைக்குப் பக்கமாக, ஆட்டோவும் டிராக்டரும் ஓடி இறுகிய தரையில் நிற்கும். ரிவர்ஸில் விட்டு நிறுத்தினால் கனமான, இழுக்க வேண்டிய சக்கரமே கடைசியில் இருக்கும் பொலபொல மணலில் போய் உட்காரும். அரியமான் பக்கம் சவுக்குச் சருகு மூடிக் கிடக்கும் இடமெல்லாம் மேலே பார்க்க மெத்தென்று கெட்டியாகத் தெரியும், கீழே வெறும் மணல்.

வரிசை இதுதான்: முதலில் இடது வலது, அதைச் சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டு, வண்டியை மெதுவாக ஏற்றிச் சரிசெய்யுங்கள். ஏற்றியதும் ஹேண்ட் பிரேக், அப்புறம் பின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, தாழ்வுப் பக்கம் இரண்டு சக்கரத்துக்கும். அதற்கப்புறம்தான் முன்பின். முன் ஜாக்கி இரண்டையும் சேர்த்தே இறக்குங்கள், ஒரு மூலையை மட்டும் தூக்கினால் சேசிஸ் முறுக்கும், கதவு பிடிக்கும், முன் கண்ணாடி விரிசல் விடும். உங்கள் கதவு திறக்காமல் போனதும் இந்த முறுக்கினால்தான். கடைசியாகப் பின் ஜாக்கிகளைத் தரையைத் தொட்டு லேசாக அழுத்தும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள். அவை ஆட்டத்தை நிறுத்தத்தான், வண்டியைத் தூக்க இல்லை.

சாயல்குடி வாசகர்: எவ்வளவு உயரம் பலகை வைக்க வேண்டும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? வைப்பது, இறங்கிப் பார்ப்பது, மறுபடி எடுப்பது என்று ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது.

கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று வாங்குங்கள், 60 சென்டிமீட்டர் நீளம். வண்டியின் தரையில் குறுக்காக வையுங்கள். தாழ்ந்த பக்கத்து நுனியைக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்கி, அந்த இடைவெளியை ஸ்கேலால் அளக்க வேண்டும். இடைவெளி 1 சென்டிமீட்டர், உங்கள் வண்டியில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவுக்கு நடு 180 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 180 என்பது 60-ன் மூன்று மடங்கு, எனவே பலகை 3 சென்டிமீட்டர். இதே மாதிரி நீளவாக்கில் வைத்தால் இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டர் வருகிறது, முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே 420 சென்டிமீட்டர் என்றால் ஏழு மடங்கு, பத்தரை சென்டிமீட்டர் தூக்க வேண்டும். ஒரே முயற்சியில் முடியும். இந்த 60 சென்டிமீட்டர் மட்டத்தில் இன்னொரு வசதி, 1 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் சரிவு ஏறக்குறைய ஒரு டிகிரி, மனதிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நீளவாக்கில் இடைவெளி மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால் நான் அந்த இடத்தில் நிறுத்த மாட்டேன். 420 சென்டிமீட்டர் வண்டிக்கு 21 சென்டிமீட்டர் தூக்க வேண்டியிருக்கும். முன்பக்கம் அவ்வளவு உயரத்தில் தொங்க, கடல் காற்று பக்கவாட்டில் தள்ள, ஒரு இரவு முழுக்கத் தூங்குவது சரியில்லை. இருபது அடி தள்ளிப் போனாலே வேறு தரை கிடைக்கும். இறங்கி நடந்து பாருங்கள்.

பின் சக்கரம் இரட்டை டயர் என்றால் பலகை இரண்டு டயருக்கும் அடியில் வர வேண்டும். வெளி டயருக்கு மட்டும் வைத்துவிட்டு உள் டயர் அந்தரத்தில் நிற்பதைப் பல தோப்புகளில் பார்த்திருக்கிறேன், இரண்டு டயரின் பாரமும் ஒன்றின் மேல் விழும். டயர் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது, விளிம்பு அழுத்தி டயருக்கு உள்ளே இருக்கும் இழைகள் அறுந்துபோகும், அது வெளியே தெரியாது, நாலு மாதம் கழித்து நெடுஞ்சாலையில் தெரியும்.

ராமநாதபுரம் வாசகர்: வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் தரை தட்டையாகத்தானே இருக்கிறது, அங்கே போனால் இந்தத் தொல்லை இல்லையே?

தட்டையாக இருக்கிற தரையை நம்பித்தான் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். வாலிநோக்கம் உப்பளப் பூமி. உவர்த்தரை மேலே வெள்ளை பூத்து, வெடித்து, காய்ந்த களம் போல இருக்கும். அந்தத் தோல் இரண்டு விரற்கடை கனம்தான், கீழே ஈரச் சேறு. நான் போனபோது மட்டம் பார்த்தேன், குமிழி நடுவில் நின்றது, பலகைகூடப் போடாமல் ஜாக்கியை இறக்கிவிட்டுப் படுத்தேன். நடு இரவில் தலையணைப் பக்கமாக உடம்பு சறுக்குவது போல இருந்து எழுந்து டார்ச் அடித்தால் ஒரு ஜாக்கி முழங்கால் ஆழத்துக்கு இறங்கியிருந்தது, மேல்தோலை உடைத்துவிட்டதால் மேலும் இறங்கிக்கொண்டே இருந்தது. எல்லோரையும் இறக்கி, விடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்து, காலையில் டிராக்டர் வரவழைத்து இழுத்தோம்.

அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். அரை அங்குலக் கம்பி ஒன்று, மூன்றடி, எப்போதும் வண்டியில் இருக்கும். நாலு சக்கரம் நிற்கப்போகும் இடத்திலும் நாலு ஜாக்கி இறங்கப்போகும் இடத்திலும் கம்பியை ஊன்றி முழு உடம்பையும் கொடுத்து அழுத்துவேன். ஒரு சாண் போய் நின்றால் சரி. வழுக்கிக்கொண்டு உள்ளே போனாலோ, உருவும்போது கம்பி நுனியில் கருப்புச் சேறு ஒட்டியிருந்தாலோ அந்த இடம் வேண்டாம். பக்கத்து ஊர்க்காரரிடம் கேட்பதும் நல்லது. வலை உலர்த்துகிறவர், ஆடு மேய்க்கிறவர் யாராவது இருப்பார்கள், எங்கே டிராக்டர் நிற்கும், எங்கே புதையும் என்று கையைக் காட்டிச் சொல்லிவிடுவார்கள்.

காரைக்குடி வாசகி: என் கணவர் மட்டம் மட்டம் என்று அரை மணி நேரம் செலவழிக்கிறார். தூங்கும்போது தலை மேடாக இருந்தால் போதாதா? ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்கிறார், உண்மையா?

உங்கள் ஃபிரிட்ஜ் எந்த வகை என்பதைப் பொறுத்தது அம்மா. வீட்டில் இருப்பது போல கம்ப்ரசர் வைத்தது என்றால் கொஞ்சம் சாய்ந்து நின்றால் ஒன்றும் ஆகாது, இங்கே கட்டுகிற கேரவன்களில் பெரும்பாலும் அதுதான். கேஸ் நெருப்பில் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் அவர் சொல்வது முழுக்க உண்மை. அதில் மோட்டாரே கிடையாது. அமோனியா கலந்த தண்ணீரைச் சூடாக்கி, அது தன் எடையாலேயே குழாய்களில் வழிந்து திரும்பி வருகிற மாதிரி அமைத்திருப்பார்கள். வண்டி சாய்ந்தால் வழிந்து வர வேண்டியது வழியில் தேங்கிவிடும், கொதிகலம் வறண்டு காயும், துரு பிடிக்காமல் இருக்கக் கலந்த ரசாயனம் உப்பாகப் படிந்து குழாயை அடைக்கும். ஒருமுறை அடைத்தால் திறக்காது. பழைய மாடல்களுக்கு, ஃபிரிட்ஜுக்கு நேரே நின்று பார்த்தால் இடவலமாக 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரிதான் எல்லை. வண்டி ஓடும்போது ஆடி ஆடிச் சரியாகிவிடும், நின்ற இடத்தில்தான் ஆபத்து.

ஃபிரிட்ஜ் எதுவாக இருந்தாலும் குளிக்கிற தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் மூலையில் தேங்கும், தொட்டியில் தண்ணீர் அளவு தப்பாகக் காட்டும். தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுப் பாருங்கள், ஒரு பக்கமாக ஓடுகிறதா என்று உடனே தெரியும். எண்ணெய் நடுவில் நின்றால் வண்டி உங்களுக்குப் போதுமான மட்டத்தில் இருக்கிறது.

கீழக்கரை வாசகர்: கரையில் பவளக்கல் நிறையக் கிடக்கிறது. அதை அல்லது ஹாலோ பிளாக்கைச் சக்கரத்துக்கு முட்டாக வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். பவளக்கல்லை எடுப்பதே குற்றம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் சேர்த்து 1986-லேயே கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். ஒதுங்கிக் கிடக்கிற செத்த கல்தானே என்று எடுக்காதீர்கள், கரையை அரிக்காமல் காக்கிறதில் அதற்கும் பங்கு உண்டு. ஹாலோ பிளாக் நேரான பாரத்தைத் தாங்கும், ஓரத்தில் டயர் ஏறினால் எச்சரிக்கையே இல்லாமல் வெடித்து உதிரும். பழைய வீடு இடிக்கிற இடத்தில் பனஞ்சட்டம் கிடைக்கும், வைரம் பாய்ந்த சட்டமாகப் பார்த்து வாங்கி ஒன்றரை அடியாக அறுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டி வாசகர்: மேடான பக்கத்து டயரில் காற்றை இறக்கி மட்டமாக்கினால் என்ன? வேலை சுலபமாக இருக்கிறதே.

மணலில் ஓட்டும்போது காற்றைக் கொஞ்சம் குறைப்பது சரி. இரவு முழுக்க ஏழு டன்னைக் காற்று குறைந்த டயர் மேல் நிறுத்துவது சரியில்லை, பக்கவாட்டு மடிந்து நசுங்கும். இறக்கி இறக்கிப் பார்த்தாலும் மூன்று நாலு சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்காது. அதற்குப் பதிலாக, மேடான சக்கரத்துக்கு முன்னால் மண்வெட்டியால் அதே அளவு மணலைச் சுரண்டிவிட்டு அதில் இறக்குங்கள், வெளியேறும் பக்கம் நீளமாகச் சரித்துவிடுங்கள், கிளம்பும்போது மணலை மறுபடி தள்ளி மூடிவிடுங்கள்.

மதுரை வாசகர்: ஆடி மாதம் தனுஷ்கோடியில் கடலோரம் இரவு நிறுத்தலாமா? காற்றில் வண்டி ஆடுமா?

தனுஷ்கோடியில் இரவு தங்க விடமாட்டார்கள், சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும். மண்டபம் பக்கம் வந்துவிடுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும், தெற்கே ஆண்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடக்கே பெண்கடல் (பாக் நீரிணைப் பக்கம்) குளம் போலக் கிடக்கும், எனவே வடகரையில் தோப்பு மறைவாகப் பாருங்கள். வாடைக் காலத்தில் இது அப்படியே மாறிவிடும். முடிந்தால் மூக்கு காற்றை எதிர்க்கிற மாதிரி நிறுத்துங்கள், சரிவும் காற்றும் ஒத்துவராவிட்டால் சரிவுக்குத்தான் முதலிடம். இன்னொன்று, இந்தக் காற்று சக்கரத்தைச் சுற்றியுள்ள மணலை இரவோடு இரவாக அரித்து எடுத்துவிடும். பலகையைச் சுற்றி மணல் மூட்டை இரண்டு போடுங்கள், காலையில் காபி போடுவதற்கு முன்னால் ஒரு சுற்று நடந்து பலகைகளைப் பாருங்கள்.

பரமக்குடி வாசகர் கேட்ட இன்னொன்று: ஜாக்கி தண்டில் புள்ளி புள்ளியாகத் துரு தெரிகிறது.

உப்புக் காற்று. நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்து, சிலிகான் ஸ்பிரே அடித்து, அப்புறம்தான் உள்ளே இழுக்க வேண்டும், உப்போடு இழுத்தால் சீல் கிழியும். துடைப்பதற்கு வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கிற வண்டிக்குக் கீழே தலையை நீட்டக்கூடக் கூடாது, வெளியிலிருந்தே நீளத் துணி போட்டுத் துடையுங்கள்.